மருத்துவத்துக்குத் துணை யோகம், மாற்று அன்று

கோலா சிலாங்கூர் மாவட்டத் தோட்டம் ஒன்றில் சுகாதார விளக்கக் கூட்டம் முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. பால் வெட்டும் தொழிலாளர் ஒருவர் மட்டும் மண்டப வாயிலில் தயங்கி நின்றார். மற்றவர்கள் அகன்ற பின்னர் நம்மை நெருங்கி, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஐயா, என் மனைவிக்கு மார்பிலே கட்டி. புற்றுநோய் என்று சொல்லி, அறுவைக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். யோகாசனம் செய்தால் கத்தி வைக்காமலே கரைந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்களே, அது மெய்தானா?"

அவருடைய மனைவியும் அதே தோட்டத்தில் பால் வெட்டுபவர். இருவருக்கும் அடுத்தடுத்த நிரைகள். குறித்த நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாட்களே இருந்தன. அறுவை செய்துகொண்டால் கை விளங்காமற் போய்விடும், பிறகு உளி பிடிக்க இயலாது என்பது அந்த அம்மையாரின் அச்சம். அந்த நேரத்தில் யோகத்தைப் பற்றிய பேச்சு காதில் விழவே, மருத்துவமனைக்குச் செல்வதைச் சில மாதங்கள் தள்ளிப் போடலாமா என்று குடும்பத்தில் ஆலோசனை நடந்துகொண்டிருந்தது.

இக்கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி அன்று. நம் தோட்டங்களில் பலர் மனத்தில் இருப்பது. வெளியே கேட்கக் கூச்சப்படுவது. ஆகவே அதற்குரிய விடையை இங்கு விரிவாகக் கூற விரும்புகிறோம். விடை இரு பகுதிகளைக் கொண்டது. புற்றுக் கட்டியைக் கரைக்கும் ஆற்றல் யோகாசனத்துக்கு இல்லை. ஆனால், அக்கட்டிக்குச் சிகிச்சை பெறும் பெண்ணுக்கு அச்சிகிச்சையைத் தாங்கும் வலிமையைத் தருவதில் யோகத்துக்கு நல்ல பங்குண்டு. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடுவதால்தான் துன்பம் விளைகிறது.

நோயின் இயல்பு

நம் உடல் எண்ணற்ற நுண்ணிய உயிரணுக்களால் ஆனது. பழைய அணுக்கள் அழிவதும் புதியவை தோன்றுவதும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டு நடைபெறுகின்றன. சில அணுக்கள் அவ்வொழுங்கை மீறிப் பெருகத் தொடங்குவதே புற்றுநோய். மார்பகத்தில் தோன்றும் இந்நோய் முதலில் சிறு கட்டியாக இருக்கும். பெரும்பாலும் வலி இராது. வலியில்லாததனாலேயே பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. நாளடைவில் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும், பின்னர் எலும்பு, நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றுக்கும் அது பரவக்கூடும்.

மலேசியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, இந்நோய் கண்ட பெண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர், நோய் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தை எட்டிய பின்னரே கண்டறியப்பட்டனர். தாமதத்தின் விலை யாது? 2007 முதல் 2011 வரை நோய் கண்டறியப்பட்டவர்களைப் பற்றிச் சுகாதார அமைச்சு வெளியிட்ட ஆய்வு அதனைத் தெளிவாகக் காட்டுகிறது. முதற்கட்டத்தில் கண்டறியப்பட்டவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்ந்தனர். நான்காம் கட்டத்தில் கண்டறியப்பட்டவர்களுள் அவ்வாறு வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேரே. நோய் ஒன்றுதான், இடையில் கழிந்த காலமே இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது.

மார்பில் தோன்றும் கட்டிகள் எல்லாம் புற்று அல்ல. எனினும் புதிய கட்டி, தோலில் குழிவு அல்லது தடிப்பு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் வடிதல், அக்குளில் வீக்கம் ஆகியவற்றுள் எது காணப்படினும் உடனே அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் செல்லுதல் வேண்டும். புற்று என்று உறுதியானால், அறுவை, மருந்து, கதிரியக்கம், இயக்குநீர்ச் சிகிச்சை ஆகியவற்றுள் தக்கதை அல்லது தக்கவற்றை மருத்துவர்கள் வகுத்துக் கொடுப்பர்.

இவற்றை மறுத்து வேறு வழியை மட்டும் நாடியவர்களின் நிலை என்னவாயிற்று என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து, தங்கள் முடிவை 2018-இல் வெளியிட்டனர். குணப்படுத்தக்கூடிய நிலையில் மார்பகப் புற்றுநோய் கண்டிருந்தும், மருத்துவமனைச் சிகிச்சையை விடுத்து மாற்று முறைகளை மட்டும் கைக்கொண்ட பெண்களுக்கு மரண அபாயம், சிகிச்சை பெற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேலாக இருந்தது. யோகம் தீங்கானது என்பது இதன் பொருளன்று. சிகிச்சையைக் கைவிடுவதே தீங்கானது.

தோட்ட மருத்துவராயிருந்த யோகி

யோகத்தையும் மருத்துவத்தையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதுவோர், நம் நாட்டுத் தோட்ட வரலாற்றோடு தொடர்புடைய ஒரு பெரியாரின் வாழ்க்கையை அறிதல் நன்று. திருநெல்வேலியை அடுத்த பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமி என்பவர், மருத்துவம் பயின்று 1913-இல் மலாயாவுக்கு வந்தார். சிரம்பானுக்கு அருகே ரப்பர்த் தோட்டம் ஒன்றின் மருத்துவமனையில் பொறுப்பேற்று, தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார்; பின்னர் ஜொகூரிலும் பணியாற்றினார். பத்தாண்டுகளுக்குப் பின் 1923-இல் இந்தியா திரும்பித் துறவு பூண்டார். அவரே, 1936-இல் ரிஷிகேசத்தில் தெய்வநெறிக் கழகத்தை நிறுவி, யோகத்தை உலகெங்கும் அறியச் செய்த சுவாமி சிவானந்தர்.

துறவியான பின்னரும் அவர் மருத்துவத்தைத் துறக்கவில்லை என்பது நாம் கருதத்தக்கது. 1927-இல் ரிஷிகேசத்தை அடுத்த லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் ஒன்றை நடத்தி, யாத்திரிகர்களுக்கும் சாதுக்களுக்கும் மருந்து கொடுத்தார். ஒரு கையில் மருந்தும் மறு கையில் யோகமும் வைத்திருந்த அவர் வாழ்க்கையில் இரண்டும் மோதிக்கொள்ளவில்லை. நம் வீடுகளிலும் அவை மோதிக்கொள்ள வேண்டுவதில்லை.

ஆராய்ச்சி கூறுவது என்ன?

யோகம் நோயாளிகளுக்கு உதவுகிறது என்பது இன்று வெறும் நம்பிக்கையாக மட்டும் இல்லை. மருத்துவமனைகளில் முறையாகச் சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது. இம்முயற்சியில் முன்னின்றவற்றுள் ஒன்று, பெங்களூரிலுள்ள சுவாமி விவேகானந்த யோக அனுசந்தான சம்ஸ்தானம். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெற்றுவந்த 62 பெண்களைக் கொண்டு அங்கு நடத்தப்பட்ட ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. 28 பெண்களுக்கு யோகப் பயிற்சியும், ஏனைய 34 பெண்களுக்கு ஆறுதலும் ஆலோசனையும் அளிக்கப்பட்டன. எல்லாரும் ஒரே வகையான மருத்துவச் சிகிச்சையையே பெற்றனர். யோகம் பயின்றவர்களுக்குக் குமட்டல் குறைவாகவும், மன அச்சம் தணிந்தும் காணப்பட்டது. மருந்து ஏற்றிக்கொண்ட பின் வரும் குமட்டலுக்கு அஞ்சியே பாதியில் சிகிச்சையை விட்டுவிடுவோர் உளர். ஆதலால் இதனைச் சிறு பயன் என்று தள்ளிவிட இயலாது.

இதே நிறுவனம் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்துடன் இணைந்து நடத்திய மற்றோர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. கதிரியக்கச் சிகிச்சை பெற்ற 163 பெண்கள் மூன்று பிரிவாயினர். ஒரு பிரிவினர் ஆறு வாரங்கள் யோகமும், இன்னொரு பிரிவினர் சாதாரணத் தசைநீட்டப் பயிற்சியும் செய்தனர். மூன்றாம் பிரிவினர் எதுவும் செய்யவில்லை. பயிற்சி செய்த இரு பிரிவினருக்கும் களைப்பு குறைந்தது. யோகம் செய்தவர்களுக்கு அன்றாட வேலைகளைச் செய்யும் திறனும் பொதுவான உடல்நலமும் மேலும் சிறந்திருந்தன. ஆயினும் உறக்கத்தில் மூன்று பிரிவினரிடையேயும் வேறுபாடு காணப்படவில்லை. யோகத்தால் எல்லாம் ஆகும் என்று கூறாமல், ஆனதையும் ஆகாததையும் உள்ளவாறே சொல்வதுதான் நல்ல ஆராய்ச்சிக்கு அழகு.

சிகிச்சை முடிந்தவர்களைப் பற்றியும் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 200 பெண்கள் அதில் கலந்துகொண்டனர். யோகப் பிரிவினர் பன்னிரண்டு வாரங்கள், வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் தொண்ணூறு நிமிடங்கள் பயிற்சி பெற்றனர். பயிற்சி முடிந்து மூன்று மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, அவர்களது களைப்பு மற்றப் பிரிவினரைவிட 57 விழுக்காடு குறைந்திருந்தது என 2014-இல் அறிவிக்கப்பட்டது.

இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்னும் அனைத்துலக அமைப்பு, 2,166 பேர் பங்கேற்ற 24 ஆய்வுகளை ஆராய்ந்து 2017-இல் தன் முடிவைக் கூறியது. யோகம் வாழ்க்கை நலத்தை மேம்படுத்துகிறது. களைப்பையும் உறக்கக் குறைவையும் தணிக்கிறது. மனச்சோர்வையும் கவலையையும் குறைக்கவும் உதவக்கூடும். மற்ற உடற்பயிற்சிகளைவிட யோகம் மேலானது என்று அத்தொகுப்பு நிறுவவில்லை. ஆகவே யோகம் பிடிக்காதவர், மருத்துவர் அனுமதிக்கும் அளவில் நடைப்பயிற்சி செய்தாலும் பயனுண்டு.

எவ்வாறு பயன் தருகிறது?

அச்சம் மிகும்போது நெஞ்சு படபடக்கும், மூச்சு மேலெழும்பும், தசைகள் இறுகும். மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடும்போது, உடலை அமைதிப்படுத்தும் நரம்புகள் வேலை செய்யத் தொடங்குகின்றன. இதயத் துடிப்பு தணிகிறது. நோயாளியின் கைவசம் எப்போதும் இருக்கும் கருவி மூச்சு ஒன்றே. ஊசி ஏற்றும் நாற்காலியிலும், பேருந்திலும், உறக்கம் வராத நள்ளிரவிலும் அதனைப் பயன்படுத்தலாம்.

களைப்பைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. நாள் முழுவதும் வெட்டிக் களைத்தவருக்குப் படுத்து உறங்கினால் களைப்புத் தீரும். புற்றுநோய்ச் சிகிச்சையினால் வரும் களைப்பு அவ்வாறன்று. படுத்தே கிடந்தால் தசைகள் மெலிந்து அது மேலும் வளரும். அளவான அசைவே அதற்கு மருந்து.

பால் வெட்டும் கை

அறுவையின்போது அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் சிலவற்றை எடுக்க நேரலாம். அதனால் தோள் இறுகிப் போவதும், சிலருக்குக் கை வீங்குவதும் உண்டு. வலிக்கு அஞ்சிக் கையை மார்போடு அணைத்தே வைத்திருப்பவர்களுக்குத் தோள் மேலும் இறுகும். நம் தொழிலிலோ, உயரமான பட்டையில் உளியை நீட்டி வெட்டவும், மங்கைக் கவிழ்த்துப் பாலெடுக்கவும், காண்டாவில் வாளிகளைச் சுமக்கவும் கை மேலெழ வேண்டும். ஆகவே அறுவை முடிந்ததும் மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சையாளர் கற்பிக்கும் கைப்பயிற்சிகளைத் தவறாது செய்தல் முதற்கடமை. யோகத்தின் மென்மையான தோள் அசைவுகள் அப்பயிற்சிகளுக்குப் பின் வருபவை.

வேலைக்குத் திரும்பும் சகோதரிகள் மேலும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கணுக்கள் எடுக்கப்பட்ட பக்கத்துக் கையில் ஏற்படும் சிறு காயமும் சீழ் பிடித்து வீக்கத்தை வரவழைக்கலாம். உளி கீறாமலும், பாலை உறையவைக்கும் அமிலம் படாமலும் கையுறை அணிதல் நன்று. காயம் பட்டால் உடனே கழுவி மருந்திட வேண்டும். பால் நிறைந்த வாளியை எப்போது தூக்கலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

எளிய பயிற்சி

சிகிச்சையளிக்கும் மருத்துவரின் அனுமதி பெற்ற பின்னர், நாளொன்றுக்கு இருபது நிமிடங்கள் பின்வரும் முறையில் தொடங்கலாம்.

முதலாவது, முதுகு நிமிர நாற்காலியில் அமர்ந்து, கண்களை மூடி, மூச்சை மூன்று எண்ணும் அளவு இழுத்து, ஐந்து எண்ணும் அளவு விடுதல். மூச்சை அடக்க வேண்டா. ஐந்து நிமிடங்கள்.

இரண்டாவது, தோள்களை மெல்லச் சுழற்றுதல். கழுத்தை இருபுறமும் திருப்புதல். மூன்று நிமிடங்கள்.

மூன்றாவது, இரு கைகளையும் மார்புக்கு முன் கூப்பி, மூச்சை இழுத்தவாறே வலியில்லாத உயரம் வரை தூக்கி, மூச்சை விட்டவாறே இறக்குதல். நலமான கை நோயுற்ற கைக்குத் துணை செய்யும். ஐந்து முறை செய்தால் போதும். நாள்தோறும் சிறிது உயரம் கூடினால் அதுவே வெற்றி.

நான்காவது, பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியிலும் அறுவை செய்த பக்கத்துக் கைக்கு அடியிலும் தலையணை வைத்து, பாதம் முதல் நெற்றி வரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்துதல். இதுவே சவாசனம். பத்து நிமிடங்கள். தரையில் படுத்தெழ இயலாதவர் கட்டிலிலேயே செய்யலாம்.

செய்யத் தகாதவை

தலைகீழாக நிற்றல், கைகளை ஊன்றி உடல் எடையைத் தாங்குதல், உடலை வேகமாக முறுக்குதல், மூச்சை விரைந்து வீசுதல் ஆகியவற்றைச் சிகிச்சைக் காலத்தில் தவிர்த்தல் வேண்டும். எலும்புக்கு நோய் பரவியவர்களும் எலும்பு மெலிந்தவர்களும் முன்புறம் ஆழ வளையலாகாது. தையல் ஆறுமுன் கையைப் பலவந்தமாக நீட்டலாகாது. வலித்தால் நிறுத்திவிட வேண்டும். மருந்து ஏற்றிக்கொள்ளும் காலத்தில் காய்ச்சல் கண்டாலும், கை சிவந்து வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும் பயிற்சியைப் பற்றி எண்ணாமல் அந்த வேளையே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். 'இந்த ஆசனம் போதும், மருந்தை நிறுத்திவிடுங்கள்' என்று சொல்பவர் எவராயினும் அவரிடம் பயிலுதல் ஆகாது.

குடும்பத்தார் கடமை

தஞ்சோங் காராங் மருத்துவமனையும் சுகாதார நிலையங்களும் நம் மாவட்டத்திலேயே உள்ளன. ஆனால் கதிரியக்கச் சிகிச்சைக்குக் கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ, 2013-இல் திறக்கப்பட்ட புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கோ செல்ல நேரலாம். வழிச்செலவும் சம்பள இழப்பும் பலருடைய மனவுறுதியைக் குலைக்கின்றன. குறைந்த வருமானத்தினருக்காக 2019-இல் தொடங்கப்பட்ட பேக்கா பி40 திட்டத்தில், சோதனையோடு புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்போருக்கான ஊக்கத்தொகையும் போக்குவரத்து உதவியும் சேர்க்கப்பட்டன. சொக்சோ சந்தாதாரர்கள், நோயினால் வேலை செய்ய இயலாது போனால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் கேட்டால் வழிகாட்டுவார்கள். கேட்பதற்குக் கூச்சப்படலாகாது.

கணவன்மார்களுக்கும் ஒரு சொல். பயிற்சிக்குரிய இருபது நிமிடங்களை மனைவிக்கு ஒதுக்கித் தருவது நீங்கள் செய்யக்கூடிய பெரும் உதவி. அந்நேரத்தில் அடுப்பையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் உடன் செல்லுங்கள். மார்பகத்தை இழந்ததால் மனைவி குறைந்துபோய்விடவில்லை என்பதை வாயால் சொல்லுங்கள். சொல்லாமலே அவருக்குத் தெரியும் என்று இருந்துவிடாதீர்கள்.

அன்று மண்டப வாயிலில் நம்மிடம் கேட்ட அந்த அன்பருக்கும் இவற்றையே கூறினோம். குறித்த நாளைத் தள்ளிப் போட வேண்டாம், யோகம் எங்கும் ஓடிவிடாது, அறுவைக்குப் பின் அது காத்திருக்கும் என்றோம். சில மாதங்கள் கழித்து அத்தோட்டத்துக்கு மீண்டும் சென்றபோது, லயத்து முன்வாசலில் அந்த அம்மையார் சுவரைப் பார்த்தவாறு நின்றிருந்தார். விரல்களால் சுவரில் மெல்ல ஏறி, கை எட்டிய உயரத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டார். அதற்குக் கீழே முன்னரே போட்ட கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மருந்து இன்னும் இரண்டு தவணை பாக்கி என்றார். எல்லாவற்றுக்கும் மேலே சற்றுத் தள்ளித் தனியாக ஒரு கோடு தெரிந்தது. அது எதற்கு என்று கேட்டோம்.

"அது என் நிரையிலே இருக்கிற மரங்களின் வெட்டு உயரம், ஐயா. அங்கே எட்ட வேண்டும்" என்றார்.

அக்கோட்டுக்கும் அவர் விரலுக்கும் இடையே அப்போது ஒரு சாண் இருந்தது.